வாசனையில்லாத சவர்க்காரம்

ரஞ்சி ஆன்டி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் அம்மா கண்ணாடி முன் நின்று முகத்துக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தார். நெற்றியும் இடது கன்னமும் முடிந்திருந்தன. மேசை மேல் கைபேசி அதிர்ந்தது. எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்களின் வாட்சாப் குழுவில் யாரோ கைகூப்பும் படத்தோடு செய்தி போட்டிருந்தார்கள். அம்மா குனிந்து படித்தார். "ரஞ்சி போய்ட்டாளாம்," என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, "கண்ட இலையையும் அரைச்சுப் பூசினா வேற என்னா ஆவும்?" என்றார். வலது கன்னத்துக்குப் பூசாமலே டப்பாவை மூடி வைத்தார். அதை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் சிவரஞ்சனி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உங்களோடு வளர்ந்தவர், பங்சாரில் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைப் பற்றி யாரையும் கேட்கவிடாதவர். கிள்ளானில் எங்களுக்கு அவர் எதிர்வீட்டு ரஞ்சி ஆன்டி. "முப்பத்தோராம் நாளுக்கு மலர் அடிக்கிறம். அக்காவைப் பற்றி நீயும் எழுதித் தா பிள்ளை, நீதானே எந்நேரமும் அங்க நிண்டனீ," என்று அவருடைய தங்கை மாலினி ஆன்டி சாவு வீட்டில் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டார். "அவளுக்குப் பரீட்சை இருக்குங்க. அவ எழுத மாட்டா."

அதனால் அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள், கைபேசி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஞ்சி ஆன்டியின் உடம்பைக் கெடுத்தது அவரே செய்த குளியல் சவர்க்காரமும் இலைப் பொடியும்தான் என்று எங்கள் தாமானில் எல்லாரும் பேசுகிறார்கள். என் சந்தேகம் வேறு. அவர் அதற்கு முன்னால் பல வருடம் பூசிய வெள்ளைக் கிரீம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கிரீமை அவருக்கு விற்றவர் என் அம்மா. அம்மாவும் அதைத்தான் பூசிவந்தார்.

ரஞ்சி ஆன்டி தன் வீட்டை மாற்றத் தொடங்கியபோதே எங்கள் வீட்டு வரிசையில் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லோரி வந்து அவருடைய சோபாவையும் கண்ணாடி அலமாரியையும் திரைச்சீலைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. முனை வீட்டு சரோ ஆன்டி துடைப்பத்தோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"வீட்ட வித்துட்டா போல," என்றார்.

"விக்கிறவ ஏன் பெயின்ட் வாங்கி வச்சிருக்கா?" என்றார் அம்மா. "சாமியாரா போறாளோ என்னவோ."

"சாமியாரு காவி லா அடிப்பாங்க. இவ வாங்கினது வெள்ளை."

அடுத்த வாரம் அதே லோரி போர்ட் கிள்ளானிலிருந்து பழைய பாலேட் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கியது. கப்பலில் வரும் சரக்கைத் தாங்கி நிற்குமே, அந்தப் பலகைகள். ஒரு தச்சர் அவற்றை இழைத்துக் கதவில்லாத அலமாரியும் நீள மேசையும் செய்து கொடுத்தார். ரஞ்சி ஆன்டி எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சாயம் அடித்தார். ஜன்னலுக்கு மாவுச் சாக்குத் துணியைத் தைத்துப் போட்டார். வேப்பிலையையும் துளசியையும் கட்டுக் கட்டாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார். செய்வினை என்று ஒரு பேச்சு கிளம்பியது. "பின்னால அடுப்படியில கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையுறை போட்டுக்கிட்டு என்னமோ கலக்குறா. புகை வருது. நான் பார்த்தேன்," என்று சரோ ஆன்டி பிள்ளையார் மேல் சத்தியம் செய்தார்.

ரஞ்சி ஆன்டியிடம் கேட்டால் சிரிப்பார். "ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல். வெள்ளைக்காரன்ட பண்ணை வீடு மாதிரி. போனில படம் பாத்தன், வடிவாக் கிடந்தது."

இந்தப் பதில் என் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். "என்னா ஸ்டைலு? பலகை, சாக்கு, தகரம். இது லயம் டீ. நாங்க தப்பிச்சு வந்த லயத்துக்கு இவ வெள்ளைச் சாயம் அடிச்சு வச்சிருக்கா," என்றார். அதில் கோபம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யாரோ தம்மைக் கேலி செய்கிறார்களோ என்ற எண்ணமும் இருந்தது.

என்னை முதன்முதலில் அந்த வீட்டுக்கு அனுப்பியவரும் அம்மாதான். ஒரு கிண்ணம் கேசரியைக் கையில் கொடுத்து, "குடுத்துட்டு வா. உள்ள என்னா நடக்குதுன்னு பாரு," என்றார். ரஞ்சி ஆன்டி கதவைத் திறந்து என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்கோ. கேசரி முதலோ, வேவு முதலோ?"

எனக்குக் காது சுட்டது. அவர் அதற்குள் கரண்டி எடுக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டில் பேசினால் எதிரொலி கேட்டது. அவ்வளவு காலி. எங்கள் பக்கத்துப் பெரிய சாலையில் கொண்டெய்னர் லோரிகள் ஓடாத நேரம் கிடையாது, தூசி எங்கள் வீடுகளில் மாவு போல் படியும். அதைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். "ஒவ்வொரு சாமானும் 'என்னைத் துடை, என்னைத் துடை' எண்டு என்னைக் கூப்பிடுது பிள்ளை. துடைச்சுத் துடைச்சுக் களைச்சுப் போனன். கூப்பிடுற ஆக்களைக் குறைச்சிட்டன்." நான் தலையாட்டினேன், ஆனால் முழுதாக நம்பவில்லை. அவர் வீட்டில் எதுவும் இடுப்புக்கு மேல் இல்லை. அழகுக்கு வைப்பவர்கள் உயரத்திலும் நாலு பொருள் வைப்பார்கள். இங்கே அரிசி, பருப்பு, தட்டு, துணி எல்லாம் கை தூக்காமல் எடுக்கும்படி இருந்தன. அறைக்கு ஒரு முக்காலி. அவர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

குளியலறையில் ஒரே ஒரு பலகை. அதில் ஒரு கட்டிச் சவர்க்காரம், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், ஒரு ஜாடி பயற்றம் மாவு, தலைக்குச் சீயக்காய். எங்கள் வீட்டுக் குளியலறையில் போத்தல்களை நகர்த்தாமல் வாளியை வைக்க முடியாது. நான் சவர்க்காரத்தை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"மணமே இல்லையே ஆன்டி?"

"மணம் என்னத்தை மறைக்குது எண்டு கேட்டுப் பழகு."

"எல்லாம் இயற்கையா?"

"அந்தச் சொல்லையும் நம்பாத. அரளிக்காயும் இயற்கைதான். சவர்க்காரத்துக்குக் கோஸ்டிக் சோடா போடத்தான் வேணும், அதுதான் கண்ணாடியும் கையுறையும். உங்கட சரோ ஆன்டி சுவரால எட்டிப் பாக்கேக்க கையாட்டினனான், அவ ஓடிட்டா." அவர் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் எதிலயும் ஒண்டுதான் கேப்பன். இதுக்குள்ள என்ன கிடக்கு? சொல்லத் தெரிஞ்சால் பாவிக்கலாம். சொல்லத் தெரியாட்டில் கீழ வை," என்றார்.

அப்போது அவர் செருப்பைக் கழற்றியிருந்தார். வார் இருந்த இடத்தில் காலில் பள்ளம் விழுந்திருந்தது, ஈர மண்ணில் கயிறு அழுந்தியது போல. அதைப் பார்த்துக் கேட்டேன். "நிண்டு வேலை செய்தது," என்றார். நான் நம்பினேன். மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டவள் அதை நம்பினேன்.

நான் கொண்டுவந்த வேவுச் செய்தி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. செய்வினை இல்லை, சாமியார் இல்லை, சவர்க்காரம்தான் என்றேன். "விக்கிறாளா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, கேட்பவர்களுக்குச் சும்மா கொடுக்கிறார் என்றேன். "சும்மா குடுக்கிறவதான் பெரிய யாவாரி," என்றார் அம்மா.

அடுத்த மாதம் ரஞ்சி ஆன்டி அம்மாவைத் தேநீருக்குக் கூப்பிட்டார். எதிரெதிரே குடியிருந்தும் அம்மா அந்த வீட்டு வாசலுக்குள் போனதில்லை, கிரீம் டப்பாவையும் கேட்டில் வைத்தே கொடுப்பார். அன்று கோயிலுக்குப் போகும் பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கொண்டார், என்னையும் கூட்டிக்கொண்டார். உள்ளே போனதும் வெள்ளைப் பலகைகளைப் பார்த்தார், சாக்குத் திரையைத் தொட்டுப் பார்த்தார். ரஞ்சி ஆன்டி சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து அம்மா முன் வைத்தார். வெள்ளை எனாமல் மங்கு, நீல விளிம்பு வைத்த தகரக் குவளை.

அம்மாவின் கை மடியிலேயே இருந்தது.

"எங்களுக்கு மங்கா?"

ரஞ்சி ஆன்டிக்குப் புரியவில்லை. "ஓம், புதுசு. ஒன்லைன்ல எடுப்பிச்சனான். வடிவா இருக்கெல்லோ?"

"உங்களுக்கு வடிவாதான் இருக்கும். பீங்கான் கப்பு இல்லீங்களா வீட்ல?"

"எல்லாத்தையும் குடுத்திட்டன். குடியுங்கோ, ஆறப் போகுது. உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும்..."

அம்மா எழுந்துவிட்டார். "அடுப்புல சோறு வச்சிட்டு வந்தேன்," என்றார். எங்கள் வீட்டில் அப்போது அடுப்பு எரியவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை மேசையில் அதே போல இன்னொரு மங்கு ஆவி பறக்க இருந்தது. அது ரஞ்சி ஆன்டிக்கு ஊற்றியது. அவர் அதைக் கையில் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். அதை அம்மாவிடம் அப்போதே சொன்னேன். "சும்மா இரு. உனக்கு என்னா தெரியும்?" என்றார். ரோட்டைக் கடப்பதற்குள் அவர் முகம் நனைந்திருந்தது.

பிறகுதான் சொன்னார். சின்ன வயதில் அவருடைய அம்மாவோடு தோட்டத்தில் ஆள்களை மேற்பார்க்கும் கிராணி வீட்டுக்குப் போவாராம். பின் கதவில்தான் நிற்க வேண்டும். வெளிச்சுவரில் ஓர் ஆணியில் எனாமல் மங்கு தொங்கும். கோப்பி அதில்தான் வரும். குடித்துவிட்டு, தாங்களே கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரர்களின் கோப்பைகள் உள்ளே கண்ணாடி அலமாரியில் இருக்கும். "அந்தக் கிராணியும் இவளாட்டம் சிலோன்காரன்தான். இவங்க மாறல டீ. சாயம் அடிச்சாலும் மாறல," என்றார்.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இது கோபம் தரலாம். ரஞ்சி ஆன்டியின் அப்பா ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர், எந்தத் தோட்டத்தையும் மேற்பார்த்தவரில்லை என்று எனக்கும் தெரியும். அவர் வீட்டில் மங்குக்கு ஒரு கதையும் கிடையாது. எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை இரண்டு பேரில் ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை.

நான்தான் சொன்னேன். சில நாள் கழித்துப் பள்ளி முடிந்து வரும்போது ரஞ்சி ஆன்டி கேட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அம்மா ஏன் அண்டைக்கு எழும்பிப் போனவ? நான் என்ன பிழை விட்டனான்?" ஆணியையும் பின் கதவையும் பற்றிச் சொன்னேன். அவர் கையில் அதே மங்குதான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல பிள்ளை. நான் படத்தில கண்டு வாங்கினன்."

பிறகு, "தேத்தண்ணி குடிக்கவோ அவவைக் கூப்பிட்டனான்?" என்றார். உள்ளே போய் அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். சின்ன வெள்ளை டப்பா, ரோஸ் நிற மூடி. பெயர் இல்லை, எங்கே செய்தது என்று இல்லை, உள்ளே என்ன என்று ஓர் எழுத்தும் இல்லை. மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை, ரோஜா வாசனை வெளியே வரும். எனக்கு அந்த டப்பாவைத் தெரியும். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

ரஞ்சி ஆன்டி அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது. அதனால்தான் பங்சார் வேலையை விட்டார். கம்யூட்டர் என்னும் புறநகர் ரயிலில் நின்று போய்வர உடம்பில் சக்தி இல்லை. அதனால்தான் முக்காலிகள், உயரமில்லாத அலமாரிகள், துடைக்க ஆள் வேண்டாத வீடு. காலில் விழுந்த பள்ளமும் அந்த நோயின் வீக்கம்தான். பண்ணை வீட்டுப் படம் பிடித்திருந்தது உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. மருத்துவமனையில் ஒரு டாக்டர், முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டாராம். அவர் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சோதித்துப் பார்த்தார்கள். பாதரசம் இருந்தது. பள்ளியில் நாங்கள் மெர்குரி என்று படித்தது அதுதான்.

"அதுதான் காரணம் எண்டு டொக்டர் அடிச்சுச் சொல்லேல்ல," என்றார் ரஞ்சி ஆன்டி. "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் எண்டவர். 'இருக்கலாம்' எனக்குப் போதும்."

"அப்ப ஏன் ஆன்டி எல்லார்கிட்டயும் சொல்லல? எங்கம்மா மேல கோவம் வரலையா?"

"உன்ர அம்மா தானும் பூசிக்கொண்டுதான் எனக்குத் தந்தவ. நஞ்செண்டு தெரிஞ்சு ஆரும் தன்ர முகத்தில பூசுவினமோ? அவவும் ஆரையோ நம்பித்தான் வாங்கியிருக்கிறா." டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு, "மற்றது, வெக்கம்," என்றார். "படிச்ச பொம்பிளை, வெள்ளையா வர ஆசைப்பட்டுப் பூசினனான் எண்டு தாமான் முழுக்கச் சொல்லவோ? அதுக்குச் சவர்க்காரத்தைக் குடுத்து, இதைப் பாவியுங்கோ எண்டு சொல்லுறது லேசு."

இதை அவருடைய குறையாக நான் எழுதவில்லை. அவர் அப்படியே சொன்னார், நான் அப்படியே எழுதுகிறேன். போகும்போது ஒரு கட்டிச் சவர்க்காரத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "அம்மாட்டக் குடு. நான் சொன்னதையும் சொல்லு. மங்குக்கு நான் மன்னிப்புக் கேட்டதாவும் சொல்லு. அவ கேக்காட்டிலும் சொல்லு."

அன்று மாலையே சவர்க்காரத்தைக் கொடுத்துச் சொன்னேன். அம்மா டப்பாக்களைப் பைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். "என் யாவாரத்த கெடுக்கப் பாக்குறா," என்றார்.

"மெர்குரி மா. ஸ்கூல்ல கையால தொடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க."

"நானே பூசுறேன் லா. எனக்கு என்னா ஆச்சு? பாரு மூஞ்சிய. இத்தனை பேரு பூசுறாங்க, யாரு செத்தா?"

"அவங்களுக்கு முடியல மா. மங்குக்கு சாரி சொன்னாங்க."

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சவர்க்காரத்தை என்னிடமே நீட்டினார். "குப்பையில போடு." நான் போடவில்லை. குளியலறையில் வாட்டர் ஹீட்டர் பெட்டிக்கு மேல், கண்ணுக்குத் தெரியாதபடி வைத்தேன். அப்பா ஜொகூரில் வேலை செய்கிறார், எப்போதாவதுதான் வருவார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ரஞ்சி ஆன்டி மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தார், பிறகு மருத்துவமனையிலேயே இருந்தார். பிறகு அந்தச் செய்தி வந்தது.

சாவு வீட்டில் நீங்கள் எல்லாரும் உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது வெளியே கூடாரத்தில் எங்கள் தாமான் பெண்கள் இருந்தார்கள். நான் தண்ணீர் போத்தல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எங்க வீட்ல அவ குடுத்த கட்டி கெடந்திச்சு. காலையில முதல் வேலையா தூக்கிப் போட்டேன்," என்றார் சரோ ஆன்டி. "நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அம்மா. "கிட்னி போற வரைக்கும் பூசியிருக்கா." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாலினி ஆன்டி பின்னால் நின்று அதைக் கேட்டார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அவருக்கும் டப்பாவைப் பற்றித் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

உள்ளே போவதற்கு அம்மா செருப்பைக் கழற்றினார். வார் இருந்த இடத்தில் காலில் பள்ளம் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து நான் அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணாடி முன் இருக்கும் டப்பாவைத் தினமும் திறந்து பார்க்கிறேன். கிரீம் குறையவில்லை. செய்தி வந்த அன்று அவர் விரலால் எடுத்த குழி அப்படியே, ஓரம் காய்ந்து கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை சரோ ஆன்டி வந்து ஒரு டப்பா கேட்டார். "ஸ்டாக் இல்ல சரோ, ஆளு அனுப்ப மாட்டேங்குறான்," என்றார் அம்மா. மாடிப்படிக்குக் கீழே பெட்டி நிறைந்திருக்கிறது. அதன் மேல் ஒரு பழைய போர்வை புதிதாக வந்திருக்கிறது.

நேற்று அம்மா எனக்குச் சோறு போடக் குனிந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு மிக அருகில் வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா என்றால் ரோஜா வாசனை. நேற்று ஒரு வாசனையும் இல்லை. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் முக்காலி போட்டு ஏறி ஹீட்டர் பெட்டிக்கு மேல் கை வைத்தேன். தாள் தனியாக மடித்து வைத்திருந்தது. சவர்க்காரத்தின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகியிருந்தன. ஈரமாக இருந்தது.

ஊரெல்லாம் தூக்கிப் போடச் சொன்ன சவர்க்காரத்தால் என் அம்மா யாருக்கும் தெரியாமல் முகம் கழுவுகிறார். அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை. ரஞ்சி ஆன்டிக்கு இருந்த அதே வெட்கமா, வேறு பயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கால் வீங்கியிருக்கிறது, அதற்குச் சவர்க்காரம் போதாது.

எங்கள் தாமானில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரஞ்சி ஆன்டி கொடுத்ததில் என்ன இருந்தது என்று அவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். தேங்காய் எண்ணெய், தண்ணீர், கோஸ்டிக் சோடா. வாரக் கணக்கில் காயவைத்த பிறகுதான் கொடுத்தார். உங்கள் வீட்டில் பெயரில்லாத டப்பா இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று என் அம்மாவால் சொல்ல முடியாது. பூசாதீர்கள். டப்பாவோடு ஒரு டாக்டரிடம் போங்கள். மாலினி ஆன்டி, இந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். நான் சொன்ன பிறகு அச்சுக்குக் கொடுங்கள். அதற்குள் அம்மாவிடம் நானே பேசியிருப்பேன். என் பெயரையும் போடுங்கள்.

ரஞ்சி ஆன்டியின் வீட்டைக் காலி செய்தபோது, "அக்காட ஞாபகமா ஏதாவது எடு பிள்ளை," என்று மாலினி ஆன்டி சொன்னார். காலி செய்ய அங்கே அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. நான் அந்த மங்கை எடுத்துக்கொண்டேன். அம்மா குடிக்காமல் வைத்துவிட்டு வந்தது இதுவா, ரஞ்சி ஆன்டிக்காக ஊற்றி வைத்திருந்தது இதுவா என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்று போலவே இருந்தன. புத்தகப் பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். மங்குக்குள் மாடிப்படிக்குக் கீழிருந்து எடுத்த ஒரு டப்பாவும் இருக்கிறது.

ரஞ்சி ஆன்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மங்கும், "இதுக்குள்ள என்ன கிடக்கு?" என்ற கேள்வியும்தான். காலையில் டப்பாவை அம்மா முன் வைத்து அதைக் கேட்பேன். அவரால் சொல்ல முடியாது. பள்ளிக்குப் போகாமல் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அடிப்பார், அழுவார், ஆனால் வருவார் என்று நினைக்கிறேன். வாசனை இல்லாத முகத்தோடு வருவார். டாக்டர் காலைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டால், நின்று வேலை செய்தது என்றுதான் சொல்வார். அதை நான் இந்த முறை நம்ப மாட்டேன்.